இங்கிலீஷ் தெரியாத ஆயா

நமுனுகுல மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் என்னை ஆயாவாக வைத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அவர்கள் நம்பியதுதான். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் காய்ச்சல் கண்டு தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு, பதுளையில் கன்னியாஸ்திரிகள் என்னை எடுத்து வளர்த்தார்கள். இங்கிலீஷ் பேச, வாசிக்க எல்லாம் அங்கேதான் படித்தேன். ஆனால் பங்களாச் சமையற்காரர் முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "முன்னாடி இருந்தவளுக்குப் பாஷை புரியுதுன்னு தெரிஞ்சதும் அனுப்பிட்டாங்க. வயிறு முக்கியம்னா வாயத் தொறக்காத."

நான் திறக்கவில்லை.

துரையின் மனைவி துரைசாணிக்குக் கதைப் புத்தகம் என்றால் உயிர். சீமையிலிருந்து கப்பலில் வந்து, பண்டாரவளை ஸ்டேஷனில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையேறி வரும். தேநீருக்குப் பிறகு அதைத் தன் தம்பிக்கு வாசித்துக் காட்டுவாள். அவன்தான் எங்கள் தோட்டத்தில் துரைக்கு அடுத்த சின்னத்துரை. மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். கதைகளில் பெரிய மாளிகை இருக்கும், பூட்டிக் கிடக்கும் அறை இருக்கும், பிரபு செய்த கொலையைப் பார்த்துவிட்ட வேலைக்காரி இருப்பாள். அவள் சொல்வதை ஒருவரும் நம்பமாட்டார்கள். கடைசியில் குளத்தில் மிதப்பாள். அந்த இடத்தில் துரைசாணியின் குரல் உடையும். "ஏழை என்றால் அவள் சொல்வது பொய்யாகிவிடுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். என் முகம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று குனிந்து பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவேன். அவள் மேல் எனக்கு உண்மையாகவே பிரியம் இருந்தது. நான் காய்ச்சலில் கிடந்தபோது தன் போர்வையைக் கொடுத்தவள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னத்துரை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தேயிலைக்கு மேலே இருந்த காட்டுக்குப் போனான். மத்தியானம் திரும்பி வந்தவனின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவன் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதான். "பன்றி என்று நினைத்தேன். புதர் அசைந்தது. கூலிக்காரி ஒருத்தி விறகு பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்."

துரை கதவைச் சாத்தினார். நான் உள்ளேதான் இருந்தேன். என்னைப் பார்த்துவிட்டுத்தான் சாத்தினார்.

துரைசாணி தம்பியின் முடியைக் கோதியபடி மெதுவாகச் சொன்னாள்: "அவள் பாறையிலிருந்து விழுந்துவிட்டாள். நீ அங்கே போகவே இல்லை. அழாதே, அந்த ஜனங்கள் நாலு நாளில் மறந்துவிடுவார்கள்." பிறகு என் பக்கம் திரும்பி, அவளுக்குத் தெரிந்த தமிழில், "ஆயா, பாப்பாவுக்குத் தண்ணி குடு" என்றாள். நான் அவசரமாக நீட்டிய டம்ளர் பிள்ளையின் பல்லில் இடித்தது. பிள்ளை அழுதது.

செத்தவள் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். கூலிகளை மேய்க்கும் கங்காணியின் ஆட்கள் அவளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், கம்பளியை உருவிப் போட்டுவிட்டு, பொழுது சாயும் முன்பே புதைத்துவிட்டார்கள். மறுநாள் பிள்ளையின் துணி அலசப் போனபோது, அவளுடைய புருஷன் மலையிலிருந்து பீலியில் கொட்டும் தண்ணீரில் அந்தக் கம்பளியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"பாறையில விழுந்தவளுக்கு முதுகுல எப்படித்தான் ஓட்ட விழும்?" என்றார், என்னைப் பார்க்காமலே. "கங்காணிகிட்ட கேட்டா, கல்லு குத்திருச்சுங்குறாரு."

வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். சமையற்காரர் சொன்னது நினைவில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கம்பளியிலிருந்து சிவப்பாக வடிந்த தண்ணீர் என் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டேன்.

அவர் கங்காணியிடம் சொல்லிக்கொள்ளாமல் அப்படியே பதுளைக்கு நடந்துபோய்ப் பிராது கொடுத்தார். குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். அதற்குள் அடைமழை பல நாள் பெய்திருந்தது. உடம்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மிச்சம் இருந்த சாட்சி நான் மட்டும்தான்.

கோர்ட்டில் மொழிபெயர்க்க ஒருவர் எழுந்தார். வேண்டாம் என்று சொல்லி, நான் இங்கிலீஷிலேயே பேசினேன். அவர்கள் பேசிய வார்த்தைகளை அப்படியே சொன்னேன். பின் வரிசையில் இருந்த துரைசாணி எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தில் தெரிந்தது பயம் அல்ல. குளிக்கும்போது யாரோ எட்டிப் பார்த்ததைப்போல ஒரு அருவருப்பு.

எதிர்த் தரப்பு வக்கீல் என்னிடம் ஒரு புத்தகத்தை நீட்டி வாசிக்கச் சொன்னார். தடங்கல் இல்லாமல் வாசித்தேன். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

"இவ்வளவு தெரிந்தும் தெரியாதவள்போல நடித்து வேலைக்குச் சேர்ந்தாயா?"

"ஆமாம்."

"அத்தனை நாளும் எஜமானியை ஏமாற்றியிருக்கிறாய்."

சமையற்காரர் சொன்னதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே பொய்யாக நடித்தவளின் சாட்சியை ஏற்க முடியாது என்றார் நீதவான். பாறையிலிருந்து தவறி விழுந்த சாவு என்று முடிந்தது. சின்னத்துரை கப்பலேறிவிட்டான். சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன குற்றத்துக்காக, பெண்சாதியைப் பறிகொடுத்தவரை ஜெயிலில் போட்டார்கள்.

அதற்குப் பிறகு எந்தப் பங்களாவிலும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. பதுளைக் கடைவீதியில் ஜவுளி விற்ற ஒரு முஸ்லிம் குடும்பம், தைப்பதற்கு என்னை வைத்துக்கொண்டது. ஒரு தடவை துரைசாணி பிள்ளையோடு அந்தக் கடைக்கு வந்தாள். பிள்ளை "ஆயா!" என்று ஓடிவந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டது. அவள் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

"உனக்கு நான் என்ன கெட்டது செஞ்சேன்?" என்று தமிழில் கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் செய்யலைங்க" என்று நானும் தமிழில்தான் சொன்னேன். அவளுக்குப் புரிந்ததா, தெரியாது. துணி எடுக்காமலே போய்விட்டாள்.

ஜெயிலிலிருந்து வந்த அன்று, செத்தவளின் புருஷன் என்னைத் தேடி வந்தார். பாதியாக இளைத்திருந்தார். பெரகல பக்கம் புதுத் தோட்டத்துக்குக் காடு வெட்டுகிறார்கள், அங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்றார்.

"நான் சொல்லாமலே இருந்திருக்கணுமோ, அண்ணே?" என்று கேட்டேன்.

நான் கொடுத்த தேத்தண்ணியை அவர் கீழே வைத்தார். "அவ விழலைன்னு அத்தனை பேரு முன்னாடி சொன்னியே, தாயி. அது போதும்னு சொல்லத்தான் பாக்குறேன். வாய் வரமாட்டேங்குது."

வெளியே மழை பிடித்துவிட்டது. கடைக்காரரின் மனைவி தலையில் போட்டுக்கொள்ள ஒரு சாக்கைக் கொடுத்தார். அதை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஹாலிஎலப் பாதையில் அவர் இறங்கி நடந்தார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.