தண்ணீர் துப்பும் திருஷ்டி பொம்மை

மழை பெய்தால் எங்கள் வீட்டுத் திருஷ்டி பொம்மை தண்ணீர் துப்பும். நியூஜெர்சியில் வேறெந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்தப் பாக்கியம் கிடைத்திருக்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவியாக இருந்த அமெரிக்க அம்மாள் நினைவுக்கு வருகிறார். இப்போது அவர் டெக்சாஸில் மகளோடு இருக்கிறார்.

இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது என் மனைவி இரண்டாவது முறையாகக் கர்ப்பமாக இருந்தாள். முதல் குழந்தை ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. எல்லோரிடமும் முன்கூட்டியே சொன்னதால் கண் பட்டுவிட்டது என்று நம்பினாள். இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை, தொட்டில் வாங்கவில்லை, என்னோடுகூடக் குழந்தையைப் பற்றிப் பேசமாட்டாள். இந்தியக் கடைகள் நிறைந்த பக்கத்து ஊரான ஐசலினில் ஒரு ஃபைபர் பொம்மை வாங்கி, உருட்டிய விழியும் பிளந்த வாயுமாக வாசலுக்கு மேலே மாட்டிய பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் தூங்கினாள், எனக்கு அது போதும்.

மறுவாரமே தலைவி வந்துவிட்டார். வீட்டு முகப்பில் அலங்காரப் பொருள் மாட்டக்கூடாது என்பது சங்க விதி. நான் மழுப்பப் பார்த்தேன். மனைவி குறுக்கே புகுந்து கண் படுவதைப் பற்றி விளக்கினாள். முதல் குழந்தையைப் பற்றியும் சொல்லிவிட்டாள். அவர் பொம்மையை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். விதி விதிதான் என்றார். பிறகு, இதே மாதிரி முகங்கள் தன் தேவாலயத்தில் உண்டு என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்துப் போனார்.

கோத்திக் பாணிக் கட்டடம். கூரை விளிம்பில் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தபடி வரிசையாகக் கல் பூதங்கள். உள்ளே போனால் கூரான வளைவுகள் கண்ணை மேலே மேலே இழுத்துக்கொண்டு போயின; வண்ணக் கண்ணாடிகளைத் தாண்டி வந்த வெயில் தரையில் சிவப்பும் நீலமுமாகக் கிடந்தது. இவ்வளவு ஒளியை உள்ளே விடத் தெரிந்தவர்கள் வெளியே ஏன் இத்தனை கோரத்தை வைத்தார்கள்? எனக்குப் பிடிபடவில்லை. மனைவிக்கோ அதில் புரியாதது எதுவும் இல்லை.

“நம்ம கோயில்ல உள்ள போகப் போக இருட்டு, இங்க வெளிச்சம். வெளிய காவலுக்கு நிக்கற மூஞ்சி மட்டும் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதாங்க.”

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் தலைவி தலையாட்டினார். காவல் என்றும் சொல்வார்கள், ஆனால் பூதங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு என்றார். கூரையில் விழும் மழைநீர் அவற்றின் வாய் வழியாகத்தான் சுவரில் படாமல் தள்ளிப் போய் விழுமாம். இல்லையென்றால் சுவர் ஊறிப் பாழாகிவிடுமாம். அலங்காரம் என்று நான் நினைத்தது வடிகால்.

மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். “அப்போ நம்ம பொம்மை வாயில ஒரு பைப்ப ஃபிட் பண்ணிட்டா அதுவும் டெக்கரேஷன் இல்லல்ல? கேளுங்க!”

கேட்டேன். தலைவி தேவாலயம் என்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்தார். வடிகாலைப் பற்றி விதியில் ஒரு வார்த்தையும் இல்லை.

பொம்மையின் வாயைத் துளைத்துக் கூரைக் குழாயோடு இணைத்தேன். அடுத்த மழைக்கு அவரே குடையோடு வந்து நின்றார். பொம்மை முதலில் லொக்கு லொக்கென்று இருமியது, பிறகு மீசை நனையக் கொட்டியது. சுவரில் ஒரு சொட்டுப் படவில்லை. மனைவி வயிற்றில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பொண்ணா இருந்தா என்னங்க பேர் வைக்கலாம்?” என்றாள்.