நகராத கோபுரம்

விடத்தல்தீவிலிருந்து பள்ளிமுனைக்கு நீந்தும் போட்டி. துணைப்படகில் என் அண்ணன் வந்தார். அவர் தொட்டாலே நான் போட்டியிலிருந்து விலக்கப்படுவேன். அதனால், நானாகப் படகைப் பிடிக்கும்வரை என்னைத் தொடுவதில்லை என்று மாதாமேல் சத்தியம் வாங்கியிருந்தேன்.

முக்கால்வாசி தாண்டியதும் பள்ளிமுனைத் தேவாலயக் கோபுரம் தெரிந்தது. நெடுநேரம் நீந்திவிட்டு மறுபடி பார்த்தேன். கோபுரம் அதே இடத்தில், அதே அளவில் நின்றது. நீரோட்டம் என்னை நகரவே விடவில்லை. கீழே கடலடியில் சாதாளைப் புல் கறுப்பாக அசைந்தது. மூச்சு நெஞ்சுக்குள் இறங்க மறுத்தது.

“அண்ணா, ஏலாமக் கிடக்கு!”

“படகைப் பிடி தங்கச்சி! சத்தியம் பண்ணிட்டன், நீயாப் பிடி!”

படகு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கரையில் ஊரே காத்து நின்றது. வெட்கத்தில் கை நீளவில்லை. உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போனது. நிமிர்ந்தேன். தினமும் கடலுக்குப் போகிற அண்ணன், படகின் விளிம்பில் குனிந்து அழுதுகொண்டிருந்தார். கடலைவிட அந்த முகம்தான் என்னைப் பயமுறுத்தியது. படகைப் பிடித்தேன்.

“கொஞ்சத் தூரம்தானே இருந்தது?” என்று கரையில் யாரோ கேட்டார்கள். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீடு வரும்வரை விடவே இல்லை.

அந்தக் கோபுரத்தைக் கண்டால் இன்றும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.