பவுனு விழுங்கிய பீடி நூல்

அம்மனை நம்பியிருக்கும் அக்கா தங்கச்சிமாரே, நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். பீடி சுற்றிப் பிழைக்கிறேன். ஊர் சேரன்மாதேவிக்குப் பக்கம். எங்கள் முப்பிடாதி அம்மன் போன ஆடி மாதம் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

ஆடி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என் நாய்க்குட்டி வாந்தி எடுக்க ஆரம்பித்தது. பெயர் பவுனு. சித்திரையில் வாய்க்கால் கரையில் யாரோ சாக்கில் கட்டிப் போட்டுவிட்டுப் போன பொட்டைக் குட்டி. என் மகன் திருப்பூரில் இருக்கிறான். வீட்டுக்காரர் திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரவுக் காவல். வீட்டில் நானும், மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற முறமாகிய சொளவும்தான். காலையில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் கால் மரத்துப் போகும். அந்தக் கால்மேல்தான் பவுனு தலையை வைத்துத் தூங்கும். அதை எழுப்ப மனமில்லாமலே கூட நூறு பீடி சுற்றியிருக்கிறேன்.

ஞாயிறு முழுக்க மஞ்சளாய் நுரை நுரையாய்க் கக்கியது. நான் கண்ணேறு என்று நினைத்தேன். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். விளக்கெண்ணெய் புகட்டினேன். அம்மன் திருநீற்றை நெற்றியில் பூசினேன். திங்கட்கிழமையும் தண்ணீர்கூட இறங்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் பின்பக்கம் ஒரு நூல் தொங்கியது. சிவப்பு நூல். பீடி கட்டுகிற நூல். தரையில் நான் போட்டு வைத்த நூல்கண்டில் பாதியைக் காணவில்லை.

அப்போது ஒரு தப்புச் செய்தேன். பீடி நூலில் சிக்கு விழுந்தால் நாங்கள் முனையைப் பிடித்துச் சுண்டி இழுப்போம், வந்துவிடும். கைப்பழக்கம். அதே மாதிரி இழுத்தேன். ஒரு சாண் வந்தது. பவுனு கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. கையை விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில், பீடி இலை வாங்கப் போகிற கூடையில் குட்டியை வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, திருநெல்வேலி மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்காரர் வேலை முடிந்து நேராக அங்கே வந்துவிட்டார். டாக்டர் சின்ன வயசுப் பெண். பவுனுவின் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். நாக்குக்கு அடியில் அந்தச் சிவப்பு நூல் வளையமாய் மாட்டியிருந்தது.

"ஒரு முனை இங்கன மாட்டிக்கிட்டு. மிச்சம் குடலுக்குள்ள போயிட்டு. பாவாட நாடாவ இழுத்தா துணி சுருங்கும்லா, அப்படிக் குடலு சுருங்கிக் கெடக்கு. யாராவது பின்னால இழுத்தியளா?"

நான் கூடைத் துண்டை மடிக்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"இனிமே தொடாதிய. குடல அறுத்துரும். இன்னைக்கே வயித்தக் கீறணும். நாள கொண்டு வந்தா பிரயோசனம் இல்ல."

அரசு ஆஸ்பத்திரி என்பதால் ஆபரேஷனுக்குப் பெரிதாய்ப் பணம் கேட்கவில்லை. ஆனால் மயக்க மருந்து, ஊசி, தையல் நூல், குளுக்கோஸ், பிறகு பத்து நாள் மருந்து எல்லாம் வெளியே வாங்க வேண்டும். எல்லாமாய் நாலாயிரம் ஆகும் என்றார்கள். என்னிடம் பஸ் காசு போக நூற்றி இருபது ரூபாய் இருந்தது.

"மனுசனுக்கே மாத்திர வாங்க வழியில்ல" என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு, ராத்திரி முழுக்க விழித்த கண்ணோடு கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். "நீ போயி எங்கனயாவது பொரட்டிட்டு வா. நான் இருக்கேன்."

பீடிக் கடை அண்ணாச்சியிடம் போனில் அட்வான்ஸ் கேட்டால் பார்ப்போம் என்பார். முகத்தைப் பார்த்தால்தான் கொடுப்பார். திரும்ப பஸ் ஏறினேன். இரண்டு நாளாய்த் தூக்கம் இல்லை. பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது கும்பிடக் கையைத் தூக்கினேன், கை வரவில்லை. அழுகையும் வரவில்லை. "அம்மா, உன்னிடம் எப்படிக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. நான் இழுத்த நூல். நான் செய்த பாவம். அந்தச் சீவனை மட்டும் விட்டுவிடு" என்றேன். அவ்வளவுதான் என் வேண்டுதல். ஒரு பாட்டு இல்லை, விளக்கு இல்லை.

கடையில் சுற்றிய பீடியைக் கொடுத்துக் கணக்கு எழுதுகிற நேரம். இருபது பேருக்கு மேல் சொளவும் கையுமாய் வரிசையில் நின்றார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். அண்ணாச்சி பீடிக் கட்டை எண்ணுவதை நிறுத்தவில்லை.

"நாய்க்கு அட்வான்ஸா? இன்னைக்கு நாய்க்குக் குடுத்தா நாளைக்கு ஒருத்தி கோழிக்குக் கேப்பா. போங்கம்மா, சோலியப் பாருங்க."

வரிசையில் சிரிப்பு. "வீட்டுல ஒரு குண்டுமணி தங்கம் கெடையாது, நாய்க்குப் பேரு பவுனு" என்றாள் ஒருத்தி. எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது.

அப்போது ஒரு சொளவு என் முன்னால் வந்து இறங்கியது. நிமிர்ந்து பார்த்தால் சண்முகக்கனி.

சண்முகக்கனி எங்கள் அடுத்த வீடு. குழாயடியில் குடம் வைப்பதில் வந்த சண்டை. ஒன்றரை வருஷமாய்ப் பேச்சில்லை. அவள் என் மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள் என்று, அம்மன் கோயில் சூலத்தடியில் நான் அவளுக்குக் காசு வெட்டிப் போட்டிருக்கிறேன். ஆமாம். ஒரு ரூபாய்க் காசை உளியால் இரண்டாய் வெட்டி, "இவளும் இப்படிப் போகணும்" என்று சொல்லிப் போட்டேன். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தில் எழுதக் கூச்சமாய் இருக்கிறது. எழுதினால்தான் தீரும்.

அவள் என்னைப் பார்க்காமலே நாலு கட்டுப் பீடியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"பேச்சு இல்லதான். ஒனக்கும் எனக்கும்தான் சண்ட. நாய்க்கும் எனக்கும் என்ன சண்ட?" பிறகு வரிசையைப் பார்த்து, "என்னளா பல்லக் காட்டுதிய? ஆடிச் செவ்வாய் வெரதம்னு மஞ்ச பூசிட்டு வந்திருக்கிய. எடுங்கட்டி ஆளுக்கு ரெண்டு கட்டு!" என்றாள்.

எடுத்தார்கள். பவுனு என்று கேலி செய்தவள்தான் இரண்டாவது. கட்டுக் கொடுத்துவிட்டு ரவிக்கைக்குள் இருந்த பர்ஸையும் திறந்தாள். ஒவ்வொருத்தியாய் வந்து மடியில் போட்டார்கள். என் சேலை மடி நிறைந்தது. அண்ணாச்சிக்குக் கோபம். "எல்லாருக்கும் கட்டு கொறஞ்சா நான் என்னன்னு எழுத?"

"அவ பேருல எழுதும். எங்களுக்குக் கொறச்சு எழுதும். இதுல ஒமக்கு என்ன நட்டம் வே?" என்றாள் சண்முகக்கனி.

"மொதலாளின்னு பாக்காம என்னயவா 'வே'ங்குத?" என்றார் அண்ணாச்சி.

"பெறவு, நாயையா?"

கடையே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். பீடிக்கு உள்ள கூலியைக் கையில் கொடுத்தார். நாலாயிரத்துக்குக் குறைந்ததைத் தீபாவளி போனஸில் பிடித்துக்கொள்கிறேன் என்று தாமே எடுத்து நீட்டினார். நான் கேட்கவே இல்லை.

மத்தியானம் ஒன்றரைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்காரர் அதே இடத்தில், கூடையில் ஒரு கையை விட்டபடியே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மருந்தை வாங்கிக் கொடுத்தோம். உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு மணி நேரம் ஆனது. டாக்டர் வந்து, "குடலு ஒரு எடத்துல அறுபடப் போற மாதிரி இருந்துச்சு. அறுபடல. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தியன்னா முடிஞ்சிருக்கும்" என்றார். நான் இழுத்த கையை அந்தக் கத்தலில் விடச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டேன்.

மூன்றாம் நாள் பவுனு கஞ்சித் தண்ணீர் நக்கியது. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள்.

ஆடிக் கடைசிச் செவ்வாயில் மாவிளக்குப் போடப் போனேன். சண்முகக்கனியையும் கூப்பிட்டேன். சூலத்தடியில் வைத்து, காசு வெட்டிப் போட்டதை அவளிடம் சொன்னேன். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் தன் தலையில்தான் அடித்துக்கொண்டாள்.

"போடி கோட்டிக்காரி. நானும் நீ நாசமாப் போவணும்னு மொளகா அரச்சு அம்மா மேல பூசியிருக்கேன். ரெண்டு பேரயும் அம்மா சட்டையே பண்ணல."

அன்றைக்கு அம்மன் முன்னால் இரண்டு பேரும் ஒரே விளக்கை ஏற்றினோம்.

என் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இடுப்பு வலிக்கிறது. போனஸில் பிடித்தம் இருக்கிறது. குழாயில் இப்போதும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். ஆனால் அவள் குடத்தை முதலில் வைத்தால் நான் பேசாமல் நிற்கிறேன். நூல்கண்டை இப்போது ஆணியில் மாட்டி வைக்கிறேன்.

தாயே, ஆற்றுப்பாலத்தில் நான் கேட்டதைக் கொடுத்தாய். சூலத்தடியில் நான் கேட்டதைக் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் கும்பிடுகிறேன். வாசிக்கிற நீங்களும் சோர்ந்து போயிருந்தால், கை தூக்கத் தெம்பில்லை என்றால், தூக்காமலே அவளிடம் கேளுங்கள். அவளுக்குக் கேட்கும். அவள் யார் கையில் கொடுத்து அனுப்புவாள் என்று மட்டும் நமக்குத் தெரியாது. அதனால் யார் மேலும் காசு வெட்டாதீர்கள்.