சொல்லி அனுப்புகிறோம்: மாமல்லபுரம் போய் வந்த கதை

காலை ஏழரைக்கு நானும் என் மனைவி மல்லிகாவும் செங்கல்பட்டில் மாமல்லபுரம் பஸ் ஏறினோம். முப்பது கிலோமீட்டர்தான். ஊர் சுற்றவெல்லாம் இல்லை; கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டில் எனக்கு இன்டர்வியூ. மறைமலைநகரில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். மாதக்கணக்கில் வீட்டில் கிடக்கிறேன். இந்த ஸ்டோர் சூப்பர்வைசர் வேலையும் கிடைக்காவிட்டால் மகளைக் காலேஜிலிருந்து நிறுத்த வேண்டியதுதான்.

திருக்கழுக்குன்றத்தில் மலையைப் பார்த்து மல்லிகா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரர், "இன்னா அண்ணாத்த, கோயிலுக்கா?" என்றார். "இன்டர்வியூவுக்கு" என்றேன். என் நரையைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டே முக்காலுக்கு மாமல்லபுரம். ஜனங்கள் பாறைகளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஷேர் ஆட்டோ பிடித்து ரிசார்ட்டுக்குப் போனோம். மல்லிகாவை வாட்ச்மேன் கேட்டிலேயே உட்காரவைத்துவிட்டார். உள்ளே, முப்பது வயதுகூட ஆகாத மேனேஜர் என் சர்டிபிகேட்டைப் புரட்டினார். வயதைக் கேட்டார். பிறகு எழுந்து கைகுலுக்கி, "வீ வில் லெட் யூ நோ" என்றார். எவ்வளவு மரியாதை! வேலை பாதி கிடைத்த மாதிரிதான் என்று வெளியே வந்தேன்.

"இன்னாய்யா சொன்னாங்க?"

"சொல்லி அனுப்பறாங்களாம்."

மல்லிகா முகம் தொங்கிப்போயிற்று. "அட போய்யா! என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்க அத்தினி பேரும் பஜ்ஜி, கேசரி துன்னுட்டு இதத்தான் சொன்னாங்க. ஒருத்தனாவது சொல்லி அனுப்பனானா? புடிக்கலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வராது, அதான்."

பாவிகள்! வேண்டாம் என்றிருந்தால் ஏன் என்றாவது கேட்டிருப்பேன். இதற்கு தேங்க்யூ அல்லவா சொல்ல வேண்டியிருக்கிறது? நானும் இரண்டு முறை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மதியம் திரும்பும் பஸ் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் நான்தான், "கடைசில நான் வந்தேன் இல்ல?" என்றேன், அவளைச் சிரிக்கவைக்கலாமென்று.

"அப்ப எனக்கு இருபத்திரெண்டு வயசு. உனக்கு இப்ப நாப்பத்தெட்டுய்யா."

கோபத்தில் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள்.

செங்கல்பட்டு நெருங்கும்போது மகள் காலேஜிலிருந்து ஃபோன் செய்தாள். "இன்னாப்பா சொன்னாங்க?"

"சொல்லி அனுப்பறாங்களாம்மா."

"சூப்பர்ப்பா!" என்று கத்தினாள். அவளை இன்னும் யாரும் பெண் பார்க்க வந்ததில்லை.