சுருளிக்குப் போன காரும் பின்சீட்டுப் பெட்ரோல் வாசனையும்

இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். முக்கியமாகத் தேனியிலோ போடியிலோ கடைவீதியில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களிடம் காட்டவே காட்டாதீர்கள். என் பெயரையோ அப்பாவின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. ஆனாலும் ஏலக்காய் வியாபாரிகள் ஒரு வரியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்.

இந்தப் பயணப் பக்கத்தில் இதற்கு முன்பு கும்பக்கரைக்கும் மேகமலைக்கும் பஸ்ஸில் போய் வந்ததை எழுதியிருக்கிறேன். இந்த முறை போனது சொந்தக் காரில். நாளைக்கு ஆயுத பூஜை. காலை ஆறு மணிக்கு எங்கள் கார் ஷெட்டுக்குள் அம்மா சூடம் ஏற்றப் போகிறார். அந்த ஷெட்டு முழுவதும் இப்போது பெட்ரோல் வாசனை. அப்பாவுக்கு அது தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குமுளிப் பக்கம் ஒரு எஸ்டேட்காரர் பதினாறு வருடம் வைத்திருந்த வெளிநாட்டுக் கார். கறுப்பு நிறம், தோல் சீட்டு, கூரையில் திறக்கிற கண்ணாடி. அப்பா ஆவணியில் வாங்கினார். போடியில் ஏலக்காய்க் கிடங்கு வைத்து இருபது வருடம் ஸ்கூட்டரில் போய் வந்தவர் அவர். முதல் நாள் காரை வாசலில் நிறுத்தியபோது சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அந்தக் காரில் நெடுந்தூரம் போக வேண்டும் என்பதற்காகத்தான் காலாண்டு விடுமுறையில், போன ஞாயிற்றுக்கிழமை, அப்பா, அம்மா, நான் மூவரும் சுருளி அருவிக்குக் கிளம்பினோம்.

அல்லிநகரத்தில் எங்கள் வீட்டிலிருந்து காலை 6.40க்குக் கிளம்பினோம். பக்கத்து பெட்ரோல் பங்கில் டேங்கை நிறைத்தோம், 4,100 ரூபாய். வீரபாண்டி தாண்டுவதற்குள் எனக்குப் பின்சீட்டில் பெட்ரோல் வாசனை அடிக்க ஆரம்பித்தது. பங்கில் அடிக்கிற மாதிரி லேசாக இல்லை, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி. முன்னால் இருந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்திருந்தார். தனக்குக் கார் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

“என்னங்க, பெட்ரோல் வாசம் தூக்குதே?”

“எனக்கு ஒண்ணும் அடிக்கலையே” என்றார் அப்பா.

“அப்ப எனக்குத்தான் பித்தம் போல” என்று அம்மா கண்ணாடியை இறக்கினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்பா அடிக்கவில்லை என்று சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. வீட்டில் மட்டுமில்லை, போடியிலும்தான். ஏலக்காயை நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோய், போன வருடச் சரக்கு கலந்திருக்கிறதா, உலர்த்தும்போது புகை பிடித்திருக்கிறதா என்று ஒரே மூச்சில் சொல்கிறவர் அவர். சந்தேகமான மூட்டை வந்தால் மற்ற வியாபாரிகளே அப்பாவிடம் கொண்டுவருவார்கள்.

ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த காய்ச்சலோடு அப்பாவுக்கு வாசனை போய்விட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கிக் கருகி வீடே நாறியது. அப்பா அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிறகு கிடங்கில் கவனித்தேன். காயை மூக்கருகே கொண்டுபோவார், உடனே எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார். நிறம், பருமன், குலுக்கினால் வருகிற சத்தம், எதிராளியின் முகம், இவற்றை வைத்துத்தான் இரண்டு வருடமாக ஓட்டுகிறார். பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

சரி, வழியைச் சொல்கிறேன். சின்னமனூரில் டிபன், மூன்று பேருக்கு 210 ரூபாய். கடை வாசலில் நின்று சாப்பிட்டதும் எனக்குத் தலைவலி போய்விட்டது, காரில் ஏறியதும் திரும்ப வந்தது. உத்தமபாளையம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், அதற்குப் பின்னால் மலை. அந்த இடத்தில் காற்று நன்றாக இருக்கும், கண்ணாடியை இறக்கிவிட்டுப் போங்கள். கம்பத்துக்கு 8.35க்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் வீட்டிலிருந்து காரின் மீட்டரில் 41 கிலோமீட்டர்.

சுருளிப்பட்டியில் ரோட்டோரம் திராட்சை விற்றார்கள். பன்னீர் திராட்சை, கிலோ 80 ரூபாய். திராட்சைக்காரர் எடை போட்டுக் கொடுத்துவிட்டு, காரைப் பார்க்கிற ஆசையில் பின்பக்கம் வந்து சாய்ந்து நின்று பீடியை வாயில் வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார். நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினேன்.

“ஐயா, இங்கன பத்த வைக்காதீக!”

“என்னத்தா, பீடிக்குப் போயி இப்படிப் பதறுற? ஒங்க வீட்டுல யாரும் குடிக்கிறதில்லையாக்கும்?”

“பெட்ரோல் வாசம் அடிக்குது, மோந்து பாருங்க.”

அவர் குனிந்து முகர்ந்தார். தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு நாலு எட்டுப் பின்னால் போனார். “ஏலே ஆத்தீ! என்னண்ணே, பங்கையே பின்னால கட்டிக்கிட்டு வந்திருக்கீக?” என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

அப்பா சிரித்தார். “பழைய வண்டிண்ணே. லேசா அடிக்கும்.”

“லேசாவா? கண்ணு எரியுது! கம்பத்துல பைபாசுக்கிட்ட ஒரு ஒர்க் ஷாப்பு இருக்கு, பெரிய காரெல்லாம் அங்கனதான் பாப்பாக. ஞாயித்துக்கெழமையும் தொறந்திருக்கும். அருவிய அப்புறம் பாக்கலாம், மொத அங்கன போங்க.”

அப்பா அருவிக்குத்தான் முதலில் போனார். பத்து மணி வாக்கில் போய்ச் சேர்ந்தோம். ஆளுக்கு 30 ரூபாய் டிக்கெட், கார் நிறுத்த 50. அங்கிருந்து நடக்க வேண்டும், கல் பாதை, ரப்பர் செருப்பு வழுக்குகிறது. தண்ணீர் நன்றாக விழுந்தது. பெண்கள் குளிக்கிற பக்கம் கூட்டம் அதிகம், மாற்றுத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோங்கள். அம்மா முக்கால் மணி நேரம் தண்ணீரை விட்டு வரவில்லை, தலைசுற்றல் போய்ச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அருவியைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. கார் நிறுத்தின இடத்தில் யாராவது பீடி பிடிக்கிறார்களா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது, 1.15க்கு, அந்த ஒர்க் ஷாப்பில் நிறுத்தினோம். மெக்கானிக்குக்கு நாற்பது வயதிருக்கும். பின்சீட்டின் அடிப்பலகையைக் கழற்றித் தூக்கினார். கீழே ஒரு வட்ட மூடி, அதற்கடியில் பெட்ரோல் பம்ப். மூடியைச் சுற்றி ஈரம் மினுமினுத்தது.

“பாத்தீகளா அண்ணாச்சி? இந்த ரப்பர் வளையம் வெடிச்சுப் போச்சு. வயசான வண்டிக எல்லாத்துக்கும் வர்ற சீக்குதான். டேங்கு பாதி இருந்தா ஒண்ணும் தெரியாது. முழுசா நெறச்சீகன்னா மேல ஏறிக் கசியும். புது வளையம் கோயமுத்தூர்ல இருந்து வரணும், ஒரு வாரம் ஆகும். இப்பத்திக்குப் பசை தடவி இறுக்கித் தாரேன்.”

ஒன்றரை மணி நேரம் வேலை செய்தார். 650 ரூபாய். முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, “அண்ணாச்சிக்கு என்ன யாவாரம்?” என்று கேட்டார். போடியில் ஏலக்காய் என்று அம்மா பெருமையாகச் சொன்னார்.

“அப்பச் சரியாப் போச்சு! எங்க மூக்கு பெட்ரோல்லயே ஊறிக் கெடக்கு, நாங்க மோந்தா ஒண்ணும் தெரியாது. ஏலக்கா யாவாரி மூக்குக்கு மேல மிஷின் இல்லன்னு சொல்வாக. நீங்களே மோந்து சொல்லுங்க. வாசம் இருந்தா மறுபடி பிரிச்சுப் பாத்துர்றேன்.”

அப்பா குனிந்து மூடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து இழுத்து முகர்ந்தார். கிடங்கில் செய்கிற மாதிரியே. நிமிர்ந்து மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றுமில்லை, அவர் அப்பாவுக்காகக் காத்திருந்தார்.

“இல்ல. சுத்தமா நின்னுருச்சு.”

அம்மா தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாக அடித்தது. “அப்பா, இன்னும் அடிக்குதுப்பா” என்றேன்.

“அடடா, அப்பாவுக்கு மேல மூக்கா பாப்பா ஒனக்கு? அடுத்த வருசம் கெடங்குல ஒக்காந்துக்கிரு” என்று மெக்கானிக் சிரித்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். பரீட்சையில் விடை தெரியாமல் பக்கத்துப் பெஞ்சைப் பார்க்கிற பிள்ளை எப்படிப் பார்க்குமோ அப்படி. நான் உடனே, “சீட்டுல ஒட்டுன பழைய வாசமா இருக்கும்” என்று சொல்லிவிட்டேன். மெக்கானிக் சீட்டைப் போட்டு மூடினார்.

பொய் சொன்னது அப்பா மட்டுமில்லை. நானும்தான். எனக்குத் தெரிந்தே சொன்னேன், அதுதான் நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது டேங்க் குறைந்திருந்ததால் வாசனையும் குறைந்திருந்தது. நின்றுவிட்டது என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன். ஆனால் ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் எதுவும் குறையாக இருக்கக் கூடாது. உப்பு ஜாடி, அரிசி டிரம், தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் முந்தின நாளே நிறைத்துவிடுவோம். இன்று சாயங்காலம் அப்பா காரைக் கொண்டுபோய் மூடி வரைக்கும் பெட்ரோல் நிறைத்துக்கொண்டு வந்தார். கழுவித் துடைத்து, மாலை போட்டு, ஷெட்டுக்குள் விட்டு ஷட்டரை இறக்கிவிட்டார். எட்டரை மணிக்கு, பூஜைக்காக ஷெட்டில் வைத்திருந்த பூசணிக்காயை எடுக்கப் போனேன். அந்த வாசனை என்னை வெளியே தள்ளியது. அம்மாவிடம் சொன்னேன். “இப்பத்தானே நெறச்சாக, அடிக்கத்தான் செய்யும். அப்பாவே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாக” என்றார். எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்தால் மாமாவுக்குத் தெரியும், மாமாவுக்கும் போடிக் கடைவீதியில்தான் கடை.

பழைய பெரிய காரில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெட்ரோல் வாசனை அடித்தால் பழைய வண்டி என்று விட்டுவிடாதீர்கள். தலைவலியும் குமட்டலும் கூடவே வந்தால் அது பித்தமில்லை. நிறைத்த டேங்கில் மட்டும் அடித்தால் பின்சீட்டுக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். சரிசெய்த பிறகு வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் முகரச் சொல்லுங்கள், ஒருவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். பெட்ரோல் ஆவி தரையோடு தங்கும் என்று எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ் சொன்னார்கள். அதனால் மூடின ஷெட்டில் அடித்தால் தீக்குச்சி மட்டுமில்லை, லைட் சுவிட்சையும் தொடக் கூடாது. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கதவைத் திறந்து காற்றுப் போக விடுங்கள்.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்கிற தைரியம் எனக்கு அப்பாவிடம் சொல்ல வரவில்லை. அதனால் ஒன்பது மணிக்கு ஒரு சீட்டு எழுதி அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். “அப்பா, ஷெட்டில் பெட்ரோல் வாசனை நிறைய அடிக்கிறது. உங்களுக்கு அது தெரியாது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு சூடம் வேண்டாம்.” இவ்வளவுதான் எழுதினேன். படுக்கும் முன் பிரஷர் மாத்திரை போட அவருக்குக் கண்ணாடி வேண்டும், கூட்டைத் திறந்தாக வேண்டும். திறந்திருப்பார். இவ்வளவு நேரமாகியும் சத்தமே இல்லை. கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை. இனிமேல் என் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது. விடியும் வரை பார்ப்பேன். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சூடத்தை நானே எடுத்து

கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பாதான். மெதுவாகக் கூப்பிடுகிறார். “ஆத்தா, முழிச்சிருக்கியா? ஷட்டரத் தூக்கி விட்டுட்டேன். லைட்டு போடல. அம்மாவ எழுப்பாம வா. எங்கன அடிக்குதுன்னு நீ மோந்து எனக்குச் சொல்லு.”