முள் ஏறாத வண்டி

ஒற்றைக் காரை வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு முதலாளி, வண்டிக்குள் ஏறுகிற பார்ட்டி இல்லை. வண்டிக்கு அடியில் படுத்திருக்கிற மெக்கானிக்தான். என் எஞ்சினைக் கெடுத்தது நீங்கள்தான், மெக்கானிக் அண்ணே. பேரைப் போடவில்லை. பயந்துகொண்டு இல்லை. நீங்களாகவே வந்து சரிசெய்ய ஒரு வழி விட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.

பட்டுக் கடையில் சேலை மடித்துப் போடும் வேலையில் தொடங்கி, ஆட்டோ ஓட்டி, அதை விற்று, ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி ஒன்றை வாங்கியவள் நான். காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்கவும் கல்யாணப் பட்டு எடுக்கவும் வருகிறவர்களை ஏற்றி இறக்குவது பிழைப்பு. அந்த எஞ்சின் நின்றால் என் வீட்டில் அடுப்பும் நிற்கும். இதைப் படிக்கிற சக வண்டிக்காரர்களே, கீழே உள்ளதில் ஒன்றையாவது நீங்களும் பட்டிருப்பீர்கள்.

மூலையில் ஒரு தகர டப்பா

ஓரிக்கையில் ஒரு பார்ட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி கொதித்துவிட்டது. வெப்பம் காட்டுகிற முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. கயிறு கட்டி இழுத்துவந்து அண்ணனின் பட்டறையில் விட்டேன். அவர் குழாயைக் கழற்றி, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன சாமானை எடுத்துக் காட்டினார். அதுதான் தெர்மோஸ்டாட். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் கதவு. எஞ்சின் சூடாகிறவரை மூடியிருக்கும். சூடானதும் திறந்து, தண்ணீரை ஆறவைக்க ரேடியேட்டருக்கு அனுப்பும். என்னுடையது மூடினபடியே மாட்டிக்கொண்டிருந்தது.

புதுசு போடச் சொன்னேன். மெட்ராசிலிருந்து வரணும், நாளாகும் என்றார். மறுநாள் விடிந்தால் எனக்குத் திருமுக்கூடலுக்கு ஒரு கல்யாண வீட்டுச் சவாரி. கூலியில் பேரம் பேசினேன், இல்லையென்று சொல்லவில்லை. அவர் கேட்டதில் பாதிக்கு இறக்கினேன். ஆனால் நான் பேசியது கூலியில். வண்டியின் பாகத்தில் இல்லை. அவர் அந்தக் கதவை மூலையில் கிடந்த தகர டப்பாவில் வீசினார். அதே மாதிரி இன்னும் எத்தனையோ அதில் கிடந்தன. வெறும் குழாயைத் திருப்பி மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதெல்லாம் குளிரு நாட்டுக்காரனுக்கு வெச்சதுமா. நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு? இனிமே உன் வண்டி கொதிச்சுதுன்னா என்ன வந்து கேளு."

ஜில்லென்று ஓடியது

கொதிக்கவில்லை. அந்த வார்த்தையை அண்ணன் காப்பாற்றினார். கத்திரி வெயிலில்கூட முள் அடிக்கோட்டை விட்டு எழவில்லை. ஸ்டாண்டில் மற்றவர்கள் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீருக்கு அலைந்தபோது நான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டவர்களிடம் எல்லாம், "எங்க அண்ணன் கைராசி அப்படி" என்று பெருமை வேறு பேசினேன்.

கதவு இல்லாத வீட்டில் காற்று எந்நேரமும் உள்ளே வருகிற மாதிரி, ஆறின தண்ணீர் எந்நேரமும் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருந்தது. சூடாகாத எஞ்சின் டீசலை முழுதாக எரிக்காது. எரியாததையும் சேர்த்துக் குடிக்கும். கிலோமீட்டருக்கு இத்தனை என்று பார்ட்டியிடம் கழுத்தறுத்துப் பேசி வாங்கியதெல்லாம் டேங்க்குக்குள் போய்க்கொண்டிருந்தது. அது எனக்குப் புரியும் முன்பே பெட்ரோல் பங்கில் டீசல் பிடிக்கும் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. மூடியைத் திறந்துகொண்டே கேட்டாள்: "இன்னாக்கா, நேத்துதான டீசல் போட்டுக்கினு போன? டேங்க்குல ஓட்ட கீட்ட இருக்குதா பாரு."

தெருவில் ஒரு பாவு

காலையில் வண்டி இழுக்கவில்லை, முக்குகிறது என்று அண்ணனுக்கு போன் போட்டேன். "நீ எடுத்த உடனே விரட்டற. ஸ்டார்ட் பண்ணி நல்லா சூடாவட்டும்னு விடு, அப்புறம் எடு" என்றார். நானும் அப்படியே செய்தேன். வண்டி வாசலில் உறுமிக்கொண்டே நிற்கும். முள் மட்டும் அசையாது. கதவைப் பிடுங்கி எறிந்தவர் வீட்டைச் சூடாக்கச் சொல்கிறாரே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் தெருவில் விடிகாலையில் பாவு போடுவார்கள். தறியில் ஏற்றப்போகிற பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து நீவிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குச் சந்தன நிறப் பாவு. என் வண்டி கக்கின வெள்ளைப் புகை நேராகப் போய் அதன் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. நெசவாளர், எங்கள் எதிர்வீட்டுக்காரர், பாவை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். "கொசு மருந்து வண்டி எப்பலேர்ந்து ஓட்டற?" என்றார். தெரு உங்களுக்கு மட்டுமா எழுதிக் கொடுத்திருக்கு என்று நான் எகிறினேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நூலை மோந்து பார்க்கச் சொன்னார். மோந்தேன். டீசல் நாற்றம். அவர் கேட்டார்: "முகூர்த்தத்துல பொண்ணு மேல டீசல் நாறுதுன்னு கடக்காரன் கேட்டா, உன் போன் நம்பர குடுத்துடட்டுமா?"

ஊட்டியில் ஹீட்டர்

எனக்கு நிரந்தரமாகச் சவாரி கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு பட்டுக் கடை மேலாளர். வெளியூர்ப் பார்ட்டி எது வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார். அவரே குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகக் கேட்டார். மகள், மருமகன், கைக்குழந்தை. மலை இறங்கும்போது மழையும் பனியும் சேர்ந்துகொண்டன. முன் கண்ணாடி உள்பக்கம் வெளுத்துவிட்டது. ஹீட்டரைப் போட்டேன். ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி குளிர்காற்று அடித்தது.

எஞ்சினின் சூட்டில்தான் ஹீட்டர் வேலை செய்யும். அங்கே இருந்தால்தானே இங்கே வரும். குழந்தை வீறிட்டு அழுதது. மருமகன் துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க, ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அழுத்திக்கொண்டு ஊர்ந்து இறங்கினேன். எதிரில் பஸ் வருகிறதா மலை வருகிறதா தெரியாது.  கீழே வந்து சேர்ந்ததும் மேலாளர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அமைதியாகத்தான் பேசினார். அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. அன்று அவர் கேட்டது இதுதான்: "ஹீட்டர் பட்டன அமுக்குனா ஏசி வருது. பிரேக்க அமுக்குனா என்னம்மா வரும்?"

மூடியைத் திறந்தபோது

சாலையில் வண்டியின் இழுவையே செத்துப்போன பிறகு, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் முதலில் எஞ்சின் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தார். உள்பக்கம் பழைய மோர் மாதிரி ஒன்று அப்பிக்கொண்டிருந்தது. ஆயிலில் சேருகிற ஈரம் சூட்டில் ஆவியாகிப் போகவேண்டும். சூடே இல்லாததால் அங்கேயே தங்கிவிட்டது. ஆயிலில் டீசலும் கலந்திருந்தது. வண்டியை ஓடவிட்டு, திறந்த மூடி வழியாகப் புகை குபுகுபுவென்று வருவதைக் காட்டினார். பிஸ்டன், ரிங் எல்லாம் தேய்ந்துவிட்டன, எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும் என்றார்.

நான் கத்தினேன். பேரம் பேசத்தான் போயிருந்தேன், ஆனால் பேரம் பேச அங்கே எதுவுமே மிச்சமில்லை. அவர் நான் கத்தி முடிக்கிறவரை ஒரு டீ குடித்தார். பிறகு சொன்னார்: "இந்த எஞ்சினு ஒருநாள்கூட முழுசா சூடாகலம்மா. குளிரு ஜுரம் வந்தவன தெனமும் பச்சத்தண்ணில குளிக்கவெச்சு மூட்ட தூக்க வெச்சிருக்கீங்க."

திரும்பவும் பழைய பட்டறை

நேரே அண்ணனிடம் போனேன். போகும் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். "கொதிக்காதுன்னு சொன்னன், கொதிச்சுதா?" என்றார். எஞ்சின் போச்சே என்றேன். "பாதி கூலிக்கு முழு வேல கேட்டா எப்படி?" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். அவர் கை வேறொரு வண்டியின் பானெட்டுக்குள் இருந்தது. புதிதாக டாக்ஸி போர்டு எழுதின வண்டி. கடன் வாங்கி எடுத்த வண்டி என்பது, பக்கத்தில் நின்ற இளைஞன் அதைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் அதிலிருந்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். தகர டப்பாவில் அது விழுந்த சத்தம் கேட்டது. வேண்டாம், அதைத் திரும்ப மாட்டச் சொல் என்று அந்தப் பையனிடம் நான் வாயெடுப்பதற்குள், அவன் என் வண்டியை அடையாளம் கண்டு, சிரித்த முகமாக என் பக்கம் வந்தான். "அக்கா, உங்க வண்டிதான இது? கழட்டனதுலேர்ந்து ஒருநாளும் சூடானதே இல்லியாமே. அண்ணன் எல்லாருக்கும் உங்க வண்டியத்தான் காட்டுது."

அந்தப் பையனை ஓரமாக இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நம்பினானா தெரியாது, நான் அன்று வரை பேசின பெருமைதான் அவன் காதில் முதலில் விழுந்திருந்தது. ஆகவே, அண்ணே, இது உங்களுக்கு. என் எஞ்சினைப் பிரித்துக் கோர்த்துத் தாருங்கள். இந்த முறை நானும் பேரம் பேச மாட்டேன், நீங்களும் பேசக் கூடாது. புதிய தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கி, உங்கள் கையாலேயே மாட்டுங்கள். அந்தப் பையனின் வண்டியிலும் மாட்டுங்கள். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, முள் நடுக்கோட்டுக்கு ஏறி நிற்கிறவரை என் பக்கத்து சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்; அதற்கப்புறம் என் வண்டியை ஊருக்கெல்லாம் காட்டிக்கொள்ளுங்கள்.