நாற்பத்தொரு பேர்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது. எனக்கு நடந்தது. நாள், மணி எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். நான் வட்ட அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். பதினாறு வருடமாகப் பழைய கட்டுகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். பேய் என்று யாராவது சொன்னால், எந்தக் கோப்பில் இருக்கிறது, எண்ணைச் சொல் என்று கேலி செய்கிற ஆள்.

எங்கள் வட்டம் சின்னது. ஒரு ஆறு, இரண்டு மலை, பத்தொன்பது ஊர், பதினோராயிரம் சொச்சம் ஜனம். சரித்திரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முன்பு உப்பு வண்டிகள் போன ஒரு பாதை, ஒரு வெள்ளம், மூடிப்போன ஒரு கல் குவாரி. வட்டக் கையேட்டில் சரித்திரத்துக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கினார்கள். அதிலும் அரைப் பக்கம் முன்னாள் அதிகாரிகளின் பெயர்ப்பட்டியல்.

குவாரிக்கு மேலே, ஒரு பள்ளத்துக்குள் இருப்பது பத்தொன்பதாவது ஊர். மொத்தம் ஒன்பது வீடு. தபால்காரர் அங்கே போய் நான் பார்த்ததில்லை. அந்த ஊருக்குக் கடிதம் வந்தால்தானே அவர் போவார்.

என் தங்கை பள்ளி ஆசிரியை. ஆறு வருடம் தற்காலிகமாக அல்லாடி, போன வருடம்தான் வேலை நிரந்தரமானது. முப்பத்தொரு வயதாகியும் எனக்கு அவள் பாப்பாதான். மக்கள்தொகை கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களை அனுப்பியபோது பத்தொன்பதாவது ஊர் அவள் தலையில் விழுந்தது. போனாள், எண்ணினாள், 41 பேர் என்று எழுதிக் கொடுத்தாள்.

வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. பத்து வருடத்துக்கு முன்பு எடுத்த கணக்கிலும் அந்த ஊரில் 41 பேர். அதற்கு முந்தையதிலும் 41. அதற்கும் முந்தையதிலும் 41.

மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, முப்பது வருடமாக அந்த ஊரில் யாரும் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லையா என்று கேட்டார். அவள் மலை ஏறவே இல்லை, வீட்டில் உட்கார்ந்து பழைய எண்ணைப் பார்த்து எழுதிவிட்டாள் என்பது அவர் முடிவு. மெமோ கொடுத்தார். ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் வேலை போய்விடும்.

ஒவ்வொரு வாசலிலும் நின்று எண்ணினேன் என்று அவள் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை நாம் இருவரும் போய் மறுபடி எண்ணிவிட்டு வருவோம், அதற்கு மேல் அவர் என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்றேன். பழைய பைக்கைத் துடைத்து எடுத்தேன்.

பள்ளத்தில் இறங்கியபோது மதியம் 2:20. மேலே நல்ல வெயில். ஊருக்குள் மட்டும் லேசாகப் பனி. அந்த நேரத்தில் பனி எப்படி என்று அப்போது யோசிக்கவில்லை.

வண்டியை நிறுத்தினேன். நாய் குரைக்கவில்லை. கோழி இல்லை. எங்கும் ஒரு சத்தம் இல்லை.

ஒன்பது வீட்டுக் கதவும் திறந்திருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். நாங்கள் வருகிறோம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

முதல் வீட்டுக் கிழவர் என்னைப் பார்க்கவே இல்லை. தங்கையைப் பார்த்தார்.

“வந்துட்டியா?” என்றார்.

வாங்க டீச்சர் என்று இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைக் கேட்கிற மாதிரி. அவள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

அவள் தலைகளை எண்ணிச் சொல்ல, நான் நோட்டில் கோடு போட்டேன். கணக்குப் புத்தகம் அலுவலகத்தில் முத்திரை வைத்துக் கிடந்தது. வீட்டுக்கு எத்தனை பேர் என்ற குறிப்பு மட்டும் அவளிடம் இருந்தது. எட்டு வீடு சரியாக வந்தது. கூட்டினேன். முப்பத்தாறு.

ஒன்பதாவது வீட்டில் ஐந்து பேர் இருக்க வேண்டும்.

நான்கு பேர் இருந்தார்கள்.

வாசலில் ஒரு அம்மாள். உள்ளே சுவரோரம் இரண்டு ஆண்கள், ஒரு பெண். வரிசையாக உட்கார்ந்து எங்களையே பார்த்தார்கள். கண் இமைத்த மாதிரி தெரியவில்லை. மணி 3:05.

நாற்பதுதான் வந்தது. ஒரு ஆள் குறைகிறது, ஒரு ஆளால் இவள் வேலை போகப் போகிறது என்பதுதான் என் கவலை. வேறு பயம் இன்னும் வரவில்லை.

இங்கே ஐந்து பேர் இருந்தார்களே என்று கேட்டேன்.

“இப்பவும் அஞ்சு பேருதான்,” என்றாள் அந்த அம்மாள்.

ஐந்தாவது ஆள் எங்கே என்றேன். அவள் உள்ளே கை காட்டினாள். விரித்த படுக்கை. கழுவிக் கவிழ்த்த தட்டு. ஒரு ஜோடி புதுச் செருப்பு.

பெண்கள் செருப்பு.

திரும்பினேன். பக்கத்தில் தங்கை இல்லை.

பின்கட்டில் தண்ணீர் மொள்ளும் சத்தம்... எட்டிப் பார்த்தேன். அவள்தான். செம்பு எங்கே, பானை எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. எடுத்தாள், மொண்டாள், முகம் கழுவினாள். பழகிய வீட்டில் புழங்குகிற மாதிரி.

கூப்பிட்டேன். திரும்பவில்லை.

“பாப்பா!”

திரும்பினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரைப் பாக்கணும்?” என்றாள்.

ஓரடி நெருங்கி அவள் முகத்தைப் பார்த்தேன்.

விளையாடவில்லை. அவள் விளையாடினால் எனக்குத் தெரியும். அந்தக் கண்ணில் நான் இல்லை.

கையைப் பிடித்து இழுத்தேன். கை ஐஸாக இருந்தது. முரண்டு பிடிக்கவில்லை. ஆனால் கால் கனத்தது. ஒரு மூட்டையை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு வந்தேன். யாரும் தடுக்கவில்லை. அந்த அம்மாள் நகர்ந்து வழிவிட்டாள்.

பைக்கில் உட்கார வைத்தேன். உதைத்தேன். கிளம்பவில்லை.

இரண்டாவது உதை... இல்லை.

மூன்றாவது... பிடித்தது. மணி 3:31.

வாசல்களில் எல்லோரும் நின்றார்கள். வண்டி அருகில் வர வர, ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள்.

“ஒண்ணு.”

“ரெண்டு.”

“மூணு...”

கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னார்கள். ஆள் மாற்றி ஆள். வீடு மாற்றி வீடு.

கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

ஊர் முடிந்தது. கடைசிக் குரல் அந்தக் கிழவருடையது.

“நாப்பது.”

பிறகு அமைதி.

என் முதுகுக்குப் பின்னால்... காதுக்குப் பக்கத்தில்...

“நாப்பத்தொண்ணு.”

அது என் தங்கையின் குரல்.

குவாரி வளைவைத் தாண்டியபோது 3:52. வெயில் சுள்ளென்று அடித்தது. பின்னாலிருந்து தோளைத் தட்டினாள். “அண்ணா, ஏன் திரும்பிட்டோம்? மேல போய் எண்ண வேண்டாமா?” என்றாள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கணக்கில் நாங்கள் இன்னும் ஊர் போய்ச் சேரவே இல்லை.

மறுநாள் மேலதிகாரியிடம் நாற்பது பேர்தான் என்று உண்மையைச் சொன்னேன். முத்திரையை உடைத்துப் புத்தகத்தைத் திறந்தார். கடைசி வரியைப் பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். 41-ஆவது வரியில் என் தங்கையின் பெயர். அவள் கையெழுத்து. வயது 31. ஒன்பதாம் வீட்டின் மகள்.

கணக்கெடுக்கப் போனவள் தன்னையும் சேர்த்து எண்ணிவிட்டாள், இப்படி ஒரு அசட்டுத் தப்பு நேரில் போனவளுக்குத்தான் வரும் என்றார். மெமோவைக் கிழித்துப் போட்டார். வேலை தப்பியது. வீட்டில் அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட்டோம். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

முந்தைய மூன்று கணக்குப் புத்தகங்களும் என் பதிவறையில்தான் இருந்தன. ஒரு வாரம் தொடாமல் இருந்தேன். பிறகு ஒரு மதியம், 1:15-க்கு, கதவைத் தாழிட்டுக்கொண்டு பிரித்தேன்.

மூன்றிலும் 41-ஆவது வரியில், கணக்கெடுக்கப் போனவரின் பெயர். அவரவர் கையெழுத்தில். முப்பது வருடத்துக்கு முந்தையதில் எங்கள் அலுவலக எழுத்தர் ஒருவர். அடுத்து ஒரு நர்ஸ். அடுத்து ஒரு ஆசிரியர். அந்தந்த ஆள் அடுத்த கணக்கில் ஒன்பதாம் வீட்டில், நாற்பதுக்குள் இருந்தார்; ஊரின் பழைய பெயர் ஒன்று விடுபட்டிருந்தது. வயது மட்டும் கூடவே இல்லை.

இரண்டு ஆண்கள், ஒரு பெண்.

அவர்களுடைய பணிக்கோப்புகளைத் தேடி எடுத்தேன். மூன்று பேருக்கும் இதே மெமோ வந்திருந்தது. மூன்று பேரும் மறுபடி எண்ணப் போயிருந்தார்கள், தனியாக இல்லை. ஒருவரோடு அவர் மனைவி. நர்ஸோடு அவள் அப்பா. எழுத்தரோடு அவர் அண்ணன். கூடப் போனவர்கள் எழுதிக் கொடுத்த கடிதம் கோப்பில் இருந்தது. நானும் உடன் சென்றேன், இருவரும் எண்ணினோம், நலமாகத் திரும்பி வந்துவிட்டோம்.

மூன்று கடிதத்திலும் ஏறக்குறைய இதே வார்த்தைகள்.

அதற்கு அடுத்த தாளும் மூன்றிலும் ஒன்றுதான். சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வரவில்லை, இருக்குமிடம் தெரியவில்லை. கடிதம் கொடுத்த தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஒருவருக்கு எண்பத்தெட்டு நாள். ஒருவருக்குத் தொண்ணூற்றிரண்டு. ஒருவருக்கு எண்பத்தொன்பது.

மெமோவைக் கிழித்த அன்று மேலதிகாரி கோப்பை முடிக்க என்னிடமும் ஒரு கடிதம் கேட்டார். நானும் எழுதிக் கொடுத்தேன். அதே வார்த்தைகளைத்தான் எழுதியிருக்கிறேன்.

தங்கை பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள். இன்றோடு எண்பத்தைந்து நாள்.